க்ளெய்ம் படிவத்தில் ‘படகு டிரைவர்’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

கேள்வி இது. மண்டபத்தில் விசைப்படகு டிரைவராக இருக்கும் அண்ணனுக்கு 40 வயது. படகுத் தளத்தில் வழுக்கி விழுந்ததில் வலது தோள்பட்டைத் தசைநாண் கிழிந்து, ஆபரேஷனும் முடிந்துவிட்டது. கை தோளுக்கு மேல் எழவில்லை. முதலாளி தன் ஆட்களுக்காக எடுத்த குரூப் விபத்து பாலிசி இருக்கிறது. க்ளெய்ம் படிவத்தில் ‘தொழிலும் கடமைகளும்’ என்ற இடத்தில் இருந்த மூன்று கோட்டில் ‘படகு டிரைவர், மீன்பிடித் தொழில்’ என்று எழுதிக் கொடுத்தாயிற்று. இப்போது கம்பெனியிலிருந்து, ‘ஓட்டுநர் வேலை உட்கார்ந்து செய்வதுதானே, வேலையின் முழு விவரம் அனுப்பவும்’ என்று கடிதம். என்ன எழுதுவது?

முதலில், அது நிராகரிப்பு இல்லை. விவரம் கேட்டு வந்த கடிதம். ஆனால் இப்போது நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் ஃபைலில் கடைசிவரை நிற்கும். நாளைக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனாலும், ஊழியர் இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துணை ஆணையரிடம் போனாலும், எதிர்த் தரப்பு முதலில் எடுத்து நீட்டும் தாள் இதுவாகத்தான் இருக்கும். கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள், நிதானமாக எழுதுங்கள்.

அந்தத் தாளைப் படிக்கப்போவது வெளியூரில் ஓர் அதிகாரி, அவருக்குக் கருத்துச் சொல்லும் ஒரு டாக்டர். இருவரும் விசைப்படகில் கால் வைத்திருக்க மாட்டார்கள். ‘டிரைவர்’ என்றால் அவர்கள் மனதில் வருவது காரோ லாரியோ ஓட்டுகிறவர்தான். தொழிலின் பெயரை மட்டும் கொடுத்தால் மீதியை அவர்களாக நிரப்பிக்கொள்வார்கள். உடம்பு என்ன செய்கிறது, எவ்வளவு கனம், எத்தனை தடவை, எந்த நிலையில் என்று எழுதிவிட்டால் அவர்கள் நிரப்ப இடம் மிஞ்சாது. எழுத வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

எழுத உட்காரும் முன் பாலிசியை வாங்கிப் படியுங்கள். குரூப் பாலிசி என்றால் முதலாளியிடம்தான் இருக்கும், நகல் கேட்டு வாங்குங்கள். தற்காலிக முழு இயலாமைக்கு வாரந்தோறும் பணம் தரும் பிரிவு இருக்கிறதா, அதில் இயலாமையை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘தன் வழக்கமான தொழிலைச் செய்ய முடியாத நிலை’ என்று சில பாலிசிகளில் இருக்கும். ‘எந்த வேலையையும் செய்ய முடியாத நிலை’ என்று சிலவற்றில் இருக்கும். முதல் வகை என்றால் படகு வேலையை நுணுக்கமாக எழுதினால் போதும். இரண்டாவது வகை என்றால், படிப்பு, வயது, இதுவரை வேறு என்ன வேலை தெரியும் என்பதையும் சேர்த்தால்தான் விவரம் முழுமையாகும்.

பாலிசி ஒரு பக்கம் இருக்க, முதலாளியின் சட்டப் பொறுப்பு தனி. 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இதே வேறுபாடு உண்டு. தற்காலிகப் பகுதி இயலாமை என்றால், விபத்து நடந்தபோது பார்த்துக்கொண்டிருந்த வேலையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். நிரந்தரம் என்றால், அந்த நேரத்தில் அவரால் செய்யக்கூடியதாக இருந்த எல்லா வேலைகளிலும் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். இந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அதற்கு முந்தைய விபத்து என்றால் பழைய சட்டப்படிதான் பேச வேண்டியிருக்கும்.

பணக் கணக்கில் இது என்ன ஆகிறது என்று பாருங்கள். பழைய சட்டத்தில் 2020 ஜனவரி 3 முதல் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். நிரந்தர முழு இயலாமைக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000. சட்ட அட்டவணையில் 40 வயதுக்கான பெருக்கு எண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். சம்பாதிக்கும் திறன் 30 சதவீதம் போயிற்று என்றால் 4,97,259 ரூபாய், 60 சதவீதம் என்றால் 9,94,518 ரூபாய். தோள்பட்டைக் காயத்துக்குச் சட்ட அட்டவணையில் நிலையான சதவீதம் கிடையாது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, கட்டைவிரல் போனால் 30 என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. தோள்பட்டைக்கு டாக்டர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கு அவர் கையில் இருப்பது வேலை விவரம் மட்டும்தான்.

வேலையை வைத்துத்தான் இழப்பை அளக்க வேண்டும் என்பது புதிய வாதமும் இல்லை. 1975-இல் உச்ச நீதிமன்றம், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவர் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அதை முழு இயலாமையாகவே ஏற்றது. பிரதாப் நாராயண் சிங் தியோ வழக்கு அது. 2010-இல் தீர்ப்பான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கு மோட்டார் விபத்து சம்பந்தப்பட்டது. அதிலும் இதே பேச்சுதான்: இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் கிட்டத்தட்ட முழு இழப்பு, எழுத்தருக்கு அப்படி இல்லை. ஒரு கையின் ஊன சதவீதம் வேறு, முழு உடம்பின் சதவீதம் வேறு, சம்பாத்தியத்தின் சதவீதம் வேறு என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஊனச் சான்று வாங்கி, அதிலுள்ள எண்ணே இழப்பீட்டுக்கான எண் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி எழுதும் வேலைக்கு வருவோம். எங்கே தொடங்குவது? சுக்கானில் தொடங்காதீர்கள். கம்பெனி ஏற்கெனவே பிடித்துக்கொண்ட இடம் அது. படகில் ஏறுவதிலிருந்து தொடங்குங்கள். கரையிலிருந்து தள்ளி நங்கூரத்தில் கிடக்கும் படகுக்கு வத்தையில் (சிறு படகில்) போய், ஆடிக்கொண்டிருக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்று, தலைக்கு மேலே இருக்கும் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை இழுத்து ஏற வேண்டும். வலது கை தோளுக்கு மேல் போகாத ஆளுக்கு வேலை அங்கேயே நின்றுபோகிறது. இதை யாரும் ‘கடமை’ என்று எழுதுவதில்லை, தினமும் செய்வதால் கண்ணில் படுவதில்லை. மருத்துவ ஆலோசகருக்கு, ‘கையைத் தலைக்கு மேல் நீட்டி முழு உடல் எடையையும் தாங்குவது, கடலுக்குப் போய்வரும் ஒரு நடைக்குக் குறைந்தது இரண்டு முறை’ என்று சொன்னால் உடனே புரியும்.

அதன் பிறகு ஒரு நடையை முதலிலிருந்து கடைசிவரை மனதில் ஓட்டிப் பாருங்கள். கடலுக்குப் போக மீன்வளத் துறையில் டோக்கன் வாங்குவது, டீசல் கேன் ஏற்றுவது, ஐஸ் ஏற்றி உடைத்துப் போடுவது, இன்ஜின் அறைக்குள் குனிந்து இறங்கி ஆயிலும் பெல்ட்டும் பார்ப்பது, நங்கூரம் எடுப்பது, மடியும் (இழுவலை) அதன் வாயை விரிக்கும் பலகையும் இறக்குவது, இழுப்பு நேரம் முழுக்கச் சுக்கானில் நிற்பது, வயரைச் சுற்றி இழுக்கும் வின்ச் போட்டு மடி தூக்குவது, தளத்தில் குந்தி உட்கார்ந்து இறால், நண்டு, கணவாய், காரல் என்று பிரிப்பது, பெட்டி கட்டுவது, கரையில் இறக்குவது, தளம் கழுவுவது. இவற்றில் உங்கள் அண்ணன் உண்மையிலேயே எதைச் செய்தார், எதை ஆட்கள் செய்தார்கள் என்று பிரித்துவிடுங்கள். சில படகுகளில் டிரைவர் சுக்கானை விட்டு நகர மாட்டார். ஆள் குறைவான படகில் வின்ச்சும் அவர்தான், நங்கூரமும் அவர்தான். நான்கு பேர் போகும் படகா, ஆறு பேரா என்ற எண்ணைத் தாளில் கட்டாயம் எழுதுங்கள். ‘டிரைவர் ஏன் மடி தூக்க வேண்டும்’ என்ற கேள்விக்கு அதுவே பதில்.

வின்ச் வேலையை இன்னும் கிட்டப் போய் எழுதுங்கள். ‘வின்ச் இயக்குதல்’ என்றால் பொத்தானை அமுக்குவது என்று படிப்பார்கள். வயர் உருளையில் ஒரே இடத்தில் குவியாமல் வரிசையாகச் சுற்ற, பக்கத்தில் நின்று கையாலோ கம்பியாலோ தள்ளிக்கொடுக்க வேண்டும். அப்போது கை நெஞ்சு மட்டத்துக்கும் தோள் மட்டத்துக்கும் நடுவில், பளுவோடு, விடாமல் நிற்கிறது. பலகை மேலே வந்ததும் சாய்ந்து எட்டிப் பிடித்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். தளம் ஈரம், படகு உருளும். இதில் ஒரு கை எப்போதும் பிடிமானத்துக்குத் தேவை, மற்றொரு கைதான் வேலைக்கு. கெட்டுப்போன தோள்பட்டையோடு இருப்பவருக்குப் பிடிமானமும் இல்லை, வேலைக் கையும் இல்லை. தாளில் வரவேண்டியது இந்த வகை வாக்கியம்தான்.

எடையை ஊகித்து எழுதாதீர்கள். டீசல் கேனை நிறைத்து, மீன் பெட்டியை ஐஸோடு நிறைத்து, ஏலக்கூடத்திலோ கருவாட்டு வியாபாரியிடமோ தராசில் வைத்து எடை போடுங்கள். போன் கேமராவில் தராசின் முள்ளோ எண்ணோ தெரியப் படம் எடுங்கள். ஐஸ் பார் என்ன எடை என்று ஐஸ் கம்பெனியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ‘100 கிலோ தூக்குவேன்’ என்று வீராப்பாக எழுதியது பின்னால் பொய்யாகிப் போனால், உண்மையாக எழுதிய மற்ற பத்து வரியும் சேர்ந்து கெடும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் இரண்டு பேர் என்றே எழுதுங்கள்.

எத்தனை தடவை என்பதிலும் இதே கவனம் வேண்டும். இந்தக் கடலில் விசைப்படகு தினமும் போவதில்லை. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்பது ஊரறிந்த முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ‘ஒரு நடை என்றால் ஒரு பகலும் ஓர் இரவும் தொடர்ச்சியாக, இடையில் தூக்கம் இவ்வளவுதான்’ என்று அடுத்த வரியில் எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால், ‘வருஷத்தில் பாதி நாள் சும்மா இருக்கிறவர்தானே’ என்று கம்பெனி சொல்லும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, கிழிந்த வலை பொத்துவது, பெயின்ட் அடிப்பது என்று வேலை இருந்தால் அதையும் எழுதுங்கள். வலை பொத்துவதை மறைத்துவிட்டால், பின்னால் யாராவது அவர் உட்கார்ந்து வலை பொத்துவதைப் படம் பிடித்துக் காட்டினால் பதில் இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கடமையும் உண்டு, விழிப்பு. இரவில் ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், பக்கத்துப் படகின் விளக்கு, எல்லைக்கோடு எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் பார்க்கிறார். டிரமடால், பிரிகாபலின் போன்ற வலி மாத்திரைகள் தூக்கத்தையும் மந்தத்தையும் கொண்டுவரும். அண்ணன் அப்படி ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் மருந்துச் சீட்டின் நகலை வைத்து, ‘இந்த மருந்தோடு இரவில் சுக்கான் பிடித்தால் படகிலுள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து’ என்று எழுதலாம். ‘இடது கையால் சுக்கான் பிடிக்கலாமே’ என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது.

எழுத்து எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு சிறு மாதிரி. எண்களை உங்கள் படகுக்குத் தக்கபடி போட்டுக்கொள்ளுங்கள்:

‘விபத்து நடந்த நாள்வரை நான் மண்டபம் வடக்குத் துறையில் விசைப்படகு டிரைவராக வேலை பார்த்தேன். படகில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஒரு நடையில் சுக்கானில் ஏறத்தாழ __ மணி நேரம் நின்றபடி இருப்பேன். மடி தூக்கும் ஒவ்வொரு முறையும் வின்ச் வயரை ஒழுங்குபடுத்துவது என் வேலை. ஒரு தூக்கலுக்கு __ நிமிடம், ஒரு நடையில் __ தூக்கல். நங்கூரத்தை இன்னொருவரோடு சேர்ந்து கையால் இழுப்பேன், எடை __ கிலோ. மீன் பிரிப்பதை ஆட்கள் செய்வார்கள், மீன்பாடு அதிகமாக இருந்தால் நானும் சேர்ந்துகொள்வேன். இப்போது வலது கையை நெஞ்சு மட்டம்வரை தூக்க முடிகிறது. அந்த நிலையில் __ நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. __ கிலோவுக்கு மேல் வலது கையால் தூக்க முடியவில்லை. சட்டை போட, சாப்பிட, போன் பேச முடிகிறது.’

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று தோன்றும். எடுக்காதீர்கள். ‘கையால் ஒன்றுமே செய்ய முடியாது’ என்று எழுதிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு படம் விசாரணைக்கு வருகிறவர் கையில் சிக்கினால் ஃபைல் அதோடு மூடப்படும். முடிவதை முடியும் என்று எழுதுகிறவர் ‘முடியாது’ என்று சொல்லும்போது நம்புவார்கள்.

விபத்துக்கு முந்தைய வேலையைத்தான் விவரிக்க வேண்டும் என்பதிலும் கவனம். முதலாளி இரக்கப்பட்டுக் கரையில் படகுக் காவலுக்கு உட்கார வைத்திருந்தால், எந்தத் தேதியிலிருந்து, என்ன கூலிக்கு, ‘உதவியாகக் கொடுத்த வேலை’ என்று தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டையும் கலந்தால் காவல் வேலைதான் அவர் தொழில் என்று ஆகிவிடும்.

விவரத்தைத் தனித் தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். இனிமேல்தான் படிவம் நிரப்பப்போகிறவர்கள் அந்த மூன்று கோட்டில் ‘இணைப்பு 1 பார்க்கவும்’ என்று எழுதி, அந்தத் தாளை இணைக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் வேண்டும். ஏஜெண்டோ கம்ப்யூட்டர் சென்டர் பையனோ ஆங்கிலத்தில் நிரப்பித் தந்தால், வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்ட பிறகே கையெழுத்து. ஏற்கெனவே கொடுத்த ‘படகு டிரைவர்’ தாளைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. ‘முன்பு சுருக்கமாக எழுதியதன் விரிவு இது’ என்று முதல் வரியில் போட்டால் முரண்பாடு இல்லை.

இனி மற்ற தாள்கள். முதலாளியின் சான்றில், டாக்டரின் குறிப்பில், மீனவர் நலவாரிய அட்டையில், பாலிசி எடுத்தபோது கொடுத்த ஆட்கள் பட்டியலில் அண்ணனின் வேலை என்னவென்று போட்டிருக்கிறது? பட்டியலில் ‘கரைப் பணியாளர்’ என்று பிரீமியத்தைக் குறைக்க எழுதியிருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வங்கிக் கணக்கில் ‘கூலி’, ‘விவசாயம்’ என்று இருப்பதெல்லாம் சாதாரணம், ஒரு வரி விளக்கம் போதும். பட்டியலில் தவறு இருந்தால் அது முதலாளி தீர்க்க வேண்டியது, அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முதலாளி இன்னொரு வகையிலும் இடைஞ்சலாகலாம். சட்டப்படி தன் தலையில் இழப்பீடு விழுமோ என்ற பயத்தில், ‘அவர் பங்குக்கு வந்தவர், கூலியாள் இல்லை’ என்பார். பங்கு முறையில் சம்பளச் சீட்டு ஏது? அதனால் யார் ஆளைச் சேர்த்தார், யார் நிறுத்தினார், படகு எப்போது புறப்பட வேண்டும் என்று யார் சொன்னார், டீசல் செலவு யாருடையது என்பதை வேலை விவரத்திலேயே இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். படகுக் கணக்கு நோட்டு, வியாபாரியின் சீட்டு, விபத்தன்று படகில் போனவர்கள் பெயருள்ள டோக்கன் பதிவு ஆகியவற்றின் நகல் இப்போதே வேண்டும். ஊழியர் இழப்பீட்டு மனுவுக்குப் பொதுவான கெடு விபத்திலிருந்து இரண்டு ஆண்டு.

டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது இந்த விவரத்தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘பாரமான வேலை செய்யக் கூடாது’ என்று அவர் எழுதினால் அது எதற்கும் உதவாது. பாரம் என்றால் எத்தனை கிலோ? எத்தனை டிகிரிவரை கை தூக்கலாம், எவ்வளவு எடை, எத்தனை மாதம், வத்தையிலிருந்து படகில் ஏறலாமா கூடாதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கை காயத்தைத்தான் காட்டும், வேலையைக் காட்டாது.

இதே முறை மற்றத் தொழில்களுக்கும் பொருந்தும். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் ‘கூலி’ என்று எழுதுவதைவிட, மூச்சை அடக்கி முங்குவது, பாறை இடுக்கில் விரலால் பறிப்பது, நனைந்த பாசி மூட்டையைத் தீவிலிருந்து படகுக்குச் சுமப்பது என்று எழுத வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு வெறுங்காலும் கண் கூச்சமும், சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறவருக்கு மார்பும் தொடையும் மரத்தை அணைக்கும் பிடியும்தான் விவரம்.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து கனடா, அமெரிக்கா போய்க் கம்பெனியின் நீண்டகால இயலாமைக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. அங்கே பொதுவாக முதல் 24 மாதம் ‘சொந்தத் தொழில்’ வரையறை, அதன் பிறகு ‘எந்தத் தொழிலும்’ என்று மாறும். அமெரிக்கப் பாலிசிகள் பலவற்றில், உங்கள் கம்பெனியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைவிட, அந்தத் தொழில் நாடு முழுக்கப் பொதுவாக எப்படிச் செய்யப்படுகிறது என்றுதான் பார்ப்பார்கள். 1991-க்குப் பிறகு திருத்தப்படாத தொழில் அகராதி ஒன்றை இன்றும் புரட்டுகிறார்கள். அங்கே ‘எப்போதாவது’ என்றால் வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை, ‘அடிக்கடி’ என்றால் மூன்றில் ஒன்றிலிருந்து இரண்டு பங்குவரை. பேச்சுவழக்கில் ‘எப்பவாச்சும் தூக்குவேன்’ என்று டிக் அடித்துவிடாதீர்கள். மணிக்கணக்கைப் பாருங்கள்.

வங்கி மூலம் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் மட்டும் இந்த எழுத்து எதுவும் எடுபடாது. கண், கை, கால் ஒன்று முழுதாகப் போனால் 1 லட்சம், இரண்டு போனால் 2 லட்சம், அவ்வளவுதான் அதன் கணக்கு. தொழிலை வைத்துத் தொகை மாறுவதில்லை.

விவரம் கொடுத்த பிறகும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுப் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மனுவோடு இந்த விவரத்தாள், தராசுப் படங்கள், டாக்டர் எழுதிய வரம்புகள் மூன்றையும் ஒரே கட்டாக வையுங்கள். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் அனுப்புங்கள்.